பிளேக் தடுப்பூசி தந்த ஹாஃப்கின்: ஒரு குப்பியால் 5 ஆண்டுகள் சுமந்த பழி

புது தில்லி: காலரா, பிளேக் ஆகிய கொள்ளைநோய்களுக்கு எதிரான தடுப்பூசிகளை இந்தியாவில் பரவலாகச் செலுத்திய விஞ்ஞானி வால்டெமர் ஹாஃப்கின், தாம் செய்யாத தவறுக்காகப் பணியை இழந்து 5 ஆண்டுகள் பழி சுமந்தவர்.

கருங்கடல் துறைமுக நகரான ஒடெஸாவில் 1860 மார்ச் 15-ஆம் தேதி யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் காலரா தடுப்பூசியை உருவாக்கிய அவர், 1892 ஜூலை 18-ஆம் தேதி அதைத் தமது உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1893-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு கொல்கத்தா குடிசைப் பகுதிகளில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு அதன் பலனை மதிப்பிட்டார்.

மும்பையில் பிளேக்: 1896-இல் மும்பையில் பிளேக் பரவியதும் அரசு அவரை அங்கு அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில், வெப்பத்தால் கொல்லப்பட்ட பிளேக் பாக்டீரியாவைக் கொண்டு தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதையும் முதலில் தாமே போட்டுக்கொண்டார். அதே மாதம் பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்கு அது போடப்பட்டது. 1899-இல் அவரது ஆய்வகம் பரேலில் உள்ள பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது.

மல்கோவால் துயரம்: 1902 அக்டோபர் 30-ஆம் தேதி, அன்றைய பஞ்சாப் மாகாணத்தின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். மற்ற குப்பிகளால் எவருக்கும் அந்நோய் வரவில்லை.

தயாரிப்பின்போது கார்பாலிக் அமிலம் சேர்க்கப்படாததைச் சுட்டிக்காட்டிய விசாரணைக் குழு, ஆய்வகத்திலேயே மருந்து கெட்டிருக்கக்கூடும் என்று கருதியது. ஹாஃப்கின் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 1904-இல் இந்தியாவை விட்டு வெளியேறினார்.

ஆனால், குப்பியைத் திறக்கும் வேளையில் உதவியாளர் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்ததும், அது முறையாகக் கிருமி நீக்கம் செய்யப்படாததும் சாட்சியத்தில் பதிவாகியிருந்தன. டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. ஆய்வகத்தில் அது கலந்திருந்தால், குப்பியைத் திறந்தபோதே துர்நாற்றம் வீசியிருக்கும், அவ்வாறு நேரவில்லை. மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் இதனை எடுத்துரைத்து 1907-இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினர். அதே ஆண்டு அரசு அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

மீண்டும் கொல்கத்தா வந்த அவருக்கு ஆய்வகப் பணி கிடைத்தது. மக்களிடையே தடுப்பூசிச் சோதனை நடத்தும் வாய்ப்பு கிடைக்கவில்லை. 1925-இல் பரேல் ஆய்வகத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1930 அக்டோபர் 26-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். இந்திய அஞ்சல் துறை 1964-இல் அவரது நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.