கதையில் 7 பேர்தானா? சினிமா வகுப்புகள் பாதி மட்டும் படித்த விளாடிமிர் பிராப்பின் கதை

ஹீரோ, வில்லன், ஹீரோவுக்குத் தோள் கொடுக்கும் நண்பன், காப்பாற்றப்பட வேண்டிய நாயகி. எந்தப் படத்தை எடுத்தாலும் இப்படி 7 வகை ஆட்கள் இருப்பாங்க என்று மீடியா படிப்புகளில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் பெயர் விளாடிமிர் பிராப். இத்தனைக்கும் அந்தக் கோட்பாடு இருக்கும் புத்தகம் சினிமாவைப் பற்றியதே இல்லை. அது ரஷ்யப் பாட்டிகள் சொன்ன மாயக்கதைகளைப் பற்றியது. 7 'ஆட்கள்' என்றும் அவர் சொல்லவில்லை. அப்படியென்றால் அவர் சொன்னது என்ன?

மாற்றாந்தாய் கதையில் கிடைத்த பொறி

1895-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஜெர்மன் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் பிராப். 1913 முதல் 1918 வரை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ரஷ்ய, ஜெர்மன் மொழியியல் படித்தார். முதல் உலகப்போர், புரட்சி எல்லாம் நடந்து முடிந்த காலம் அது. படிப்பு முடிந்ததும் பள்ளியில் மொழி ஆசிரியர் வேலை.

அந்த நாட்களில் அவர் கையில் கிடைத்தது அஃபனாசியேவ் தொகுத்த ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள். அதில் மாற்றாந்தாய் கொடுமையால் காட்டுக்கு அனுப்பப்படும் ஒரு பெண்ணின் கதை வருகிறது. ஒரு கதையில் காட்டில் அவளைச் சோதிப்பது பனிக்கடவுள். இன்னொன்றில் வனதேவதை. வேறொன்றில் கரடி. அப்போதைய ஆய்வாளர்கள் ஆளை வைத்து இவற்றைத் தனித்தனிக் கதைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பிராப்புக்கு அப்படித் தோணலை. மூன்றிலும் அந்தப் பெண் அனுப்பப்படுகிறாள், சோதிக்கப்படுகிறாள், பரிசு பெறுகிறாள். ஆள்தான் மாறுது, நடக்கிற காரியம் மாறலை. மூன்றுமே ஒரே கதைதான் என்று முடிவுக்கு வந்தார்.

100 கதை, 31 செயல்

இதைச் சரிபார்க்க அந்தத் தொகுப்பிலிருந்து 100 மாயக்கதைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் செயல் செயலாகப் பிரித்தார். வீட்டில் ஒருவர் வெளியூர் போகிறார், ஒரு தடை விதிக்கப்படுகிறது, தடை மீறப்படுகிறது, வில்லன் தீங்கு செய்கிறான், நாயகன் கிளம்புகிறான், மாயப்பொருள் கிடைக்கிறது, சண்டை, வெற்றி, கடைசியில் கல்யாணம். இப்படி மொத்தம் 31 செயல்கள். எல்லாக் கதையிலும் 31-ம் இருக்காது. ஆனால் இருக்கிறவை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும்.

இந்தச் செயல்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்தபோது 7 செயல்வட்டங்கள் கிடைத்தன: வில்லன், மாயப்பொருள் தரும் கொடையாளி, துணைவன், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், நாயகனை அனுப்பி வைப்பவர், நாயகன், பெருமையைத் தட்டிப்பறிக்கப் பார்க்கும் போலி நாயகன்.

முக்கியமான விஷயம் என்னன்னா, இவை வட்டங்கள், ஆட்கள் இல்லை. ஒரே ஆள் இரண்டு மூன்று வட்டங்களில் நிற்கலாம். ஒரு வட்டத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

தலைப்பில் போன ஒரு சொல்

1928-ல் 'நாட்டுப்புறக் கதையின் உருவவியல்' என்ற பெயரில் லெனின்கிராடில் புத்தகம் வந்தது. பிராப் வைத்த தலைப்பில் 'மாயக்கதை' என்றுதான் இருந்தது. பதிப்புத் தரப்பில் 'மாய' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இந்தச் சின்ன மாற்றத்தால், எல்லாக் கதைக்கும் சூத்திரம் சொல்ல வந்தவர் என்ற தவறான எண்ணம் கடைசி வரை அவரைத் துரத்தியது.

காலமும் அவருக்குச் சாதகமாக இல்லை. கதையின் வடிவத்தை ஆராய்வது சோவியத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. 1946-ல் மாயக்கதைகளின் வரலாற்று வேர்களைத் தேடி அடுத்த பெரிய நூலை வெளியிட்டார். மேலைநாட்டு அறிஞர்களை மேற்கோள் காட்டுகிறார் என்று அதற்கும் கடும் தாக்குதல் வந்தது. 1930-களில் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், இத்தனைக்கு நடுவிலும் அங்கே பாடம் நடத்துவதை விடவில்லை.

முதல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வர 1958 ஆனது. இரண்டே வருடத்தில் பிரெஞ்சு மானுடவியலாளர் கிளாட் லெவி ஸ்ட்ராஸ் விமர்சனம் எழுதினார். பிராப் வடிவத்தை மட்டும் பார்க்கிறார், உள்ளடக்கத்தை விட்டுவிட்டார் என்பது அதன் சாரம். 1966-ல் வந்த இத்தாலியப் பதிப்பில் பிராப் பதில் சொன்னார். தலைப்பு மாறிய கதையை விளக்கியதோடு, வடிவமும் வரலாறும் தன் ஆய்வில் ஒன்றன் தொடர்ச்சியாக ஒன்று வந்தவை என்றும் சுட்டிக்காட்டினார். சொந்த நாட்டில் இரண்டாம் பதிப்பு வந்தது 1969-ல்தான், 41 வருடங்கள் கழித்து. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், 75 வயதில் அவர் காலமானார்.

சினிமா எடுத்துக்கொண்டது எதை?

1976-ல் பீட்டர் வோலன், ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தை பிராப்பின் முறையில் பிரித்துக் காட்டினார். பிறகு இது வகுப்பறைப் பாடமானது. பாடமானபோது 31 செயல்கள் பின்னுக்குப் போய், மனப்பாடம் செய்ய வசதியான 7 பெயர்கள் முன்னுக்கு வந்தன. திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்டுவெல் 1988-ல் எழுதிய கட்டுரையில், பிராப்பைச் சினிமாவுக்குப் பொருத்துபவர்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை என்று விரிவாகவே சாடினார்.

இதனால் என்ன இழப்பு? 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தையே எடுத்துக்கலாம். லேயாவுக்கு 'இளவரசி' என்று லேபிள் ஒட்டினால் வேலை முடிந்தது. பெயரே இளவரசி லேயாதானே! ஆனால் செயலைப் பார்த்தால், உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக் கதையைக் கிளப்பிவிடுபவரும் அவர்தான். காப்பாற்ற வந்தவர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது துப்பாக்கியைப் பிடுங்கி வழி உண்டாக்குபவரும் அவர்தான். தேடப்படுபவர், அனுப்புபவர், துணைவர் என மூன்று வட்டங்களில் ஒரே பெண். லேபிளை மட்டும் பார்ப்பவருக்கு அவர் மீட்கப்பட வேண்டிய பொருளாகவே தெரிவார். போலி நாயகன் வட்டத்துக்கோ அந்தப் படத்தில் சரியான ஆளே இல்லை. மாயக்கதைக்குத் தைத்த சட்டை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அடுத்த முறை படம் பார்க்கும்போது, இவர் எந்த வகை ஆள் என்று கேட்காமல், இந்தக் காட்சியில் இவர் என்ன செய்கிறார், அதனால் கதை எங்கே நகருது என்று கேட்டுப் பார்க்கலாம். அந்த 100 கதைகளிடமும் பிராப் கேட்டது அதைத்தான்.