யோன் உவெஸ்லியும் ஒரே ஞானஸ்நானமும்

கல்முனையில் உவெஸ்லி என்பது பாடசாலையின் பெயராகப் பலருக்கும் தெரியும். அப்பெயருக்குரியவர் யார் என்பதைக் கத்தோலிக்கக் குடும்பத்தவராகிய நாமும் அறிந்திருப்பது நன்று. மீட்பு, விசுவாசம், ஞானஸ்நானம் பற்றிப் புரட்டஸ்தாந்து சபைகளுக்குள் எழுந்த விவாதங்கள் பல இவருடைய வாழ்வோடு பின்னியவை.

யோன் உவெஸ்லி 1703இல் இங்கிலாந்திலுள்ள எப்வர்த் என்னும் சிற்றூரில், அங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதில் வீடு தீப்பற்றியபோது அயலவர் அவரை யன்னல் வழியாக இறக்கிக் காப்பாற்றினர். ஒக்ஸ்போர்ட்டில் கற்று, 1728இல் குருவானார். அங்கே அவரும் தம்பி சாள்சும் நண்பர் சிலரும் உபவாசம், செபம், நற்கருணை, சிறைக்கைதிகளைச் சந்தித்தல் என யாவற்றையும் ஒழுங்குமுறைப்படி செய்தனர். அதனால் மற்றவர்கள் அவர்களை மெதடிஸ்தர் என்று கேலி செய்தனர். கேலிப்பெயரே பின்னர் ஒரு திருச்சபையின் பெயராயிற்று.

1735இல் அவர் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குக் கப்பலேறினார். அங்கே குழந்தைகளை நீரில் அமிழ்த்தியே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். பலவீனமான குழந்தைக்கு மாத்திரமே விலக்கு அளித்தார். போல்சியுஸ் என்னும் பக்தியுள்ள லூத்தரன் போதகருக்கு நற்கருணையையும் மறுத்தார். ஆயரால் அபிஷேகம் பெற்ற குருவிடம் அவர் ஞானஸ்நானம் பெறவில்லை என்பதே காரணம். இவ்வளவு கண்டிப்பு இருந்தும் உவெஸ்லியின் உள்ளத்தில் சமாதானம் இல்லை. மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்.

1738 மே 24ஆம் நாள் இலண்டனில் நடந்த ஒரு செபக்கூட்டத்தில், உரோமையர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டது. அதைக் கேட்கையில், கிறிஸ்து தம் பாவங்களையும் நீக்கிவிட்டார் என்ற உறுதி அவருக்குள் பிறந்தது. பின்னர் வயல்வெளிகளிலும் சுரங்கத் தொழிலாளர் நடுவிலும் விசுவாசத்தால் வரும் மீட்பைப் போதித்தார்.

அப்போதுதான் விவாதங்கள் மூண்டன. கடவுள் சிலரை மட்டுமே மீட்புக்கு முன்குறித்தார் என்றார் நண்பர் விற்பீல்ட். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றார் உவெஸ்லி. 1741இல் இருவரும் வழிபிரிந்தனர். ஆயினும் 1770இல் விற்பீல்ட் இறந்தபோது அவருடைய நினைவுப் பிரசங்கத்தை நிகழ்த்தியவர் உவெஸ்லியே. விசுவாசம் போதும், நற்செயல் எதற்கு என்று கேட்டோருக்கு, அன்பினால் செயற்படாத விசுவாசம் செத்தது என்று போதித்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஆதரித்தார். அதேவேளை, சிறுவயதில் பெற்ற ஞானஸ்நானத்தை மட்டும் நம்பிக்கொண்டு பாவத்தில் உழல்வோரைக் கண்டித்தார்.

1749இல், போல்சியுஸ் எழுதிய அன்பான கடிதமொன்றைக் கண்டு, தாம் முன்பு நடந்துகொண்ட விதத்துக்காக வருந்தினார். நம் திருச்சபையைப் பலமுறை கடுமையாகச் சாடியவர்தாம். எனினும் அதே ஆண்டில் கத்தோலிக்கர் ஒருவருக்கு எழுதுவதாக ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டு, ஒருவரையொருவர் அன்பு செய்ய அழைத்தார்.

1791 மார்ச் 2ஆம் நாள் தமது 87ஆம் வயதில் அவர் காலமானார். 1814இல் அவர் வழிவந்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தனர். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பணிபுரிந்து, ஓராண்டு நிறையுமுன்பே, 1815இல் மரித்தார். மீட்பு பற்றி 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையில் 2006இல் மெதடிஸ்தரும் இணைந்தனர்.

இவ்வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும், திருச்சபையின் கருத்துப்படி கொடுக்கப்படும் ஞானஸ்நானம், கொடுப்பவர் எச்சபையினராயினும் செல்லும். இது திரிதெந்தீன் சங்கம் 1547இலேயே உறுதிப்படுத்திய போதனை. ஆகவே மெதடிஸ்த மருமகள் நம் வீட்டுக்கு வந்தால் அவள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவளே. நம் பிள்ளையிடம் யாராவது மறுபடியும் முழுக்குப் பெறச் சொன்னால் அது தேவையற்றது என்று பெற்றோர் அமைதியாக விளக்கட்டும். ஆனால் பங்குப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் போதாது. அன்று நமக்காகச் சொல்லப்பட்ட வாக்குறுதிகளை நாம் இன்று வாழ்ந்து காட்டுகிறோமா என்று ஒவ்வொரு குடும்பமும் சிந்திப்பதாக.