காற்றை ஒதுக்கிக் கண்ட உண்மை

மண்ணில் ஓடி விளையாடும் குழந்தையின் காலில் ஆணி தைத்தால், பெரியோர் அஞ்சுவது குருதி வடிவதற்கன்று, இரணஜன்னிக்கே. புண் ஆறிவிட்டதுபோலத் தோன்றும். சில நாள்களில் தாடை இறுகும். வாயைத் திறக்க இயலாது. பின்னர் முதுகு வில்லென வளையும். நினைவு மங்காத நிலையிலேயே நோயாளி மூச்சுத் திணறி இறக்க நேரும். போர்க்களத்தில் காயமுற்ற வீரர்களையும் பிறந்து சில நாள்களே ஆன பச்சிளங்குழந்தைகளையும் கொள்ளைகொண்ட இந்நோயின் காரணியைத் தனியே பிரித்து உலகுக்குக் காட்டியவர், ஜப்பானிய மருத்துவ அறிஞர் கிட்டசாட்டோ ஷிபாசபுரோ.

இளமையும் கல்வியும்

கிட்டசாட்டோ 1853ஆம் ஆண்டு, ஜப்பானின் கியூஷு தீவில், மலைகள் சூழ்ந்த ஓகுனி பகுதியில் ஊர்த்தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் படைவீரராக வேண்டும் என்பதே அவரது விருப்பம். எனினும், பெற்றோரின் எண்ணத்திற்கு இணங்கிக் குமாமோட்டோ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக இருந்த டச்சு மருத்துவர் மான்ஸ்வெல்ட், நுண்ணோக்கியின் வழியே அவருக்குப் புதியதோர் உலகைக் காட்டினார். அன்றுமுதல் மருத்துவமே அவரது வாழ்க்கையாயிற்று. டோக்கியோவில் உயர்கல்வி பயின்று 1883இல் பட்டம் பெற்ற அவர், நோயைத் தீர்ப்பதினும் வராமல் தடுப்பதே மருத்துவத்தின் தலையாய கடமை எனக் கருதி, அரசின் சுகாதாரத் துறையில் பணியேற்றார். 1886இல் ஜெர்மனியின் பெர்லின் நகரை அடைந்து, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் காக்கிடம் மாணவரானார்.

விடை காணாத வினா

இரணஜன்னியின் காரணி மண்ணில் உள்ளது என்பதை ஆர்தர் நிக்கோலையர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1884இல் கண்டிருந்தார். தோட்ட மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தியபோது அவற்றுக்கு அந்நோய் உண்டாயிற்று. புண்ணில், முரசறையும் கோலைப் போன்று ஒரு முனை பருத்த நுண்ணுயிரிகளும் தென்பட்டன. ஆயினும், உடனிருந்த பிற நுண்ணுயிரிகளிலிருந்து அவற்றைப் பிரிக்க இயலவில்லை. வேறு நுண்ணுயிரிகளின் துணையின்றி இது வளராது என அறிஞர் சிலர் முடிவுகட்டினர். தனியே பிரிக்காதவரை, நோய்க்குக் காரணம் இதுவே என உறுதியாகக் கூறவும் வழியில்லை.

கிட்டசாட்டோ அம்முடிவை ஏற்கவில்லை. கோலின் பருத்த முனையில் இருந்தது அகவித்து. சூழல் பகையாகும்போது சிலவகைப் பாக்டீரியாக்கள் தம் உயிர்ப்பொருளைத் தடித்த உறைக்குள் ஒடுக்கி அகவித்தாக மாற்றிக்கொள்கின்றன. வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் அது உறங்கிக் கிடக்கும். அதன் இவ்வலிமையையே கிட்டசாட்டோ தம் கருவியாக்கிக்கொண்டார். கலந்து வளர்ந்த நுண்ணுயிரிகளை 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தார். ஏனையவை மடிந்தன, அகவித்துகள் எஞ்சின.

அடுத்த தடை காற்று. பெரும்பாலான உயிர்கள் ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றல் பெறுகின்றன. இரணஜன்னிப் பாக்டீரியாவோ ஆக்சிஜனின்றி, அமினோ அமிலங்களை நொதிக்கச் செய்து வாழ்வது. ஆக்சிஜன் அதற்கு நஞ்சு. எனவே, கண்ணாடிக் கலத்திலிருந்த காற்றை வெளியேற்றி ஹைட்ரஜன் வளியை நிரப்பி, அதனுள் அகவித்துகளை வளரச் செய்தார். பிற உயிர்க்கலப்பு இல்லாத தூய வளர்ப்பு கிடைத்தது. அதனை எலிகளின் உடலில் செலுத்தியபோது இரணஜன்னி தோன்றியது. 1889இல் இவ்வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. துருப்பிடித்த ஆணி குத்திய ஆழமான புண் ஏன் கொடியது என்பதும் தெளிவாயிற்று. துரு நோயைத் தருவதில்லை. காற்றுப் புகாத ஆழத்தில், மண்ணோடு சென்ற அகவித்து விழித்துக்கொள்வதே நோய்க்குக் காரணம்.

நஞ்சும் நச்சுமுறியும்

நோயுற்ற விலங்குகளின் உள்ளுறுப்புகளில் அப்பாக்டீரியாக்கள் காணப்படவில்லை. அவை புண்ணிலேயே தங்கி நஞ்சைச் சுரக்க, அந்நஞ்சே நரம்புகளைத் தாக்கித் தசைகளை இறுக்குகிறது. இதனையடுத்து எமில் பெரிங்குடன் இணைந்து கிட்டசாட்டோ ஆய்வைத் தொடர்ந்தார். நோய் எதிர்ப்பு ஊட்டப்பட்ட முயலின் சீரத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது, நஞ்சு அவற்றைக் கொல்லவில்லை. குருதியில் நச்சுமுறி உருவாகிறது என்னும் உண்மையை இருவரும் 1890 டிசம்பரில் வெளியிட்டனர். சீர மருத்துவம் பிறந்தது. அதற்கென 1901இல் வழங்கப்பட்ட மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டுமே கிட்டியது.

உண்மைக்குக் கொடுத்த விலை

1892இல் தாயகம் திரும்பிய கிட்டசாட்டோவுக்கு உரிய ஆய்விடம் அமையவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பெரிபெரி நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டதாக ஒகாட்டா மசனோரி அறிவித்தபோது, அது பிழை எனக் கிட்டசாட்டோ சான்றுகளுடன் மறுத்திருந்தார். ஒகாட்டாவோ அவருக்கு நுண்ணுயிரியலின் முதற்பாடங்களைக் கற்பித்தவர். நன்றி மறந்தவர் என்னும் பழி எழுந்தது. கல்வியுலகின் ஒரு பகுதி அவரைப் புறக்கணித்தது. பெரிபெரி, வைட்டமின் பி1 குறைபாட்டால் வருவது என்பதைப் பிற்காலம் உறுதிசெய்தது.

கைகொடுத்தவர் சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி. அவரது உதவியால் தொற்றுநோய் ஆய்வகம் உருவாயிற்று. சீதபேதிப் பாக்டீரியாவைக் கண்டறிந்த ஷிகா கியோஷி அங்கு உருவானவரே. 1894இல் ஹாங்காங்கில் கொள்ளைநோய் பரவியபோது, கிட்டசாட்டோவும் அலெக்சாந்தர் யெர்சினும் தனித்தனியே அதன் காரணியைத் தேடிக் கண்டனர். கிட்டசாட்டோவின் விளக்கத்தில் முரண்கள் இருந்தமையால் பாக்டீரியா யெர்சினின் பெயரையே பெற்றது.

1914இல், அவரைக் கலந்துகொள்ளாமலேயே அரசு அவ்வாய்வகத்தைக் கல்வித் துறையின்கீழ் மாற்றியது. அவர் பதவி துறந்தார்; உடன் பணியாற்றியோரும் விலகினர். தம் சொந்தப் பொருளைக் கொண்டு கிட்டசாட்டோ ஆய்வு நிறுவனத்தை அவர் தொடங்கினார். ஃபுகுசாவா நிறுவிய கெய்யோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பிரிவு தோன்றியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்று, பெற்ற உதவிக்கு நன்றி செலுத்தினார். 1931இல் மறைந்தார்.

வலுவிழக்கச் செய்த நஞ்சையே தடுப்பூசியாக்கும் முறை பின்னர் வளர்ந்து, கருவுற்ற தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் காவலாயிற்று. தாய்மாரையும் பச்சிளங்குழந்தைகளையும் தாக்கும் இரணஜன்னி 2015இல் இந்தியாவில் பொதுநலச் சிக்கலாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டது. எனினும், அகவித்துகள் இன்றும் மண்ணில் உறங்குகின்றன. ஆகவே, தடுப்பூசியும் தொடர்கிறது. 2024இல் வெளியான ஜப்பானின் ஆயிரம் யென் பணத்தாள் கிட்டசாட்டோவின் உருவத்தைத் தாங்கியுள்ளது.