வெள்ளி நாக்கு சாஸ்திரியார்

குழந்தைகளே! 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அகராதியில் பாருங்கள். இரண்டுக்குமே 'பலருக்கும் தெரிந்த' என்ற பொருள் உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணி, சாத்தூர் காராச்சேவுக்கு நொட்டோரியஸ் என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்! கெட்ட பெயரால் ஊரறிந்தவரைத்தான் நொட்டோரியஸ் என்பார்கள். நம்மூர்க் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சரி, 'ஓல்ட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன? தாத்தாவைப் பற்றிப் பேசினால் 'யங்'. செருப்பைப் பற்றிப் பேசினால் 'நியூ'. சொல் ஒன்று, எதிர்ச்சொல் இரண்டு!

இப்படிச் சொல்லுக்குச் சொல் உள்ள வேற்றுமையை நுணுக்கமாக அறிந்து, ஆங்கிலேயரே வியக்கும்படி ஆங்கிலம் பேசிய தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22ல், ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்தார். படிப்பு முடிந்ததும் ஆசிரியர் ஆனார். (எங்கள் இனம்! அதனால் எனக்கு அவர் மீது கூடுதல் பிரியம்.) 1894ல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தார். பிறகு நல்ல வேலையை விட்டுவிட்டு, கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907ல் சேர்ந்தார். 1915ல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார்.

இனிய, தெளிவான பேச்சாளரை 'சில்வர் டங்' உடையவர் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதனால்தான் சாஸ்திரியாருக்கு 'வெள்ளி நாக்கு' என்ற பட்டம். 1922ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று, அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காகப் பேசினார்.

அவருடைய ஆங்கிலத்துக்குப் பெரிய சோதனை வந்தது தென்னாப்பிரிக்காவில்தான். கரும்புத் தோட்ட வேலைக்காக நம் நாட்டிலிருந்து ஏராளமானோர் அங்கே போயிருந்தார்கள். தமிழர்களும் நிறையப் பேர். அங்கிருந்த வெள்ளையர் அரசு அவர்களைத் தாழ்வாக நடத்தியது. காந்தியடிகள் வற்புறுத்தியதால், இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927ல் சாஸ்திரியார் அங்கே சென்றார்.

அவருடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒன்றைத் தரும்படி கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'பெக்', 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்' என்று பல சொற்கள். முதலாவது கெஞ்சுவது, அடுத்தது வேண்டுவது, மூன்றாவது உரிமையோடு கேட்பது. கெஞ்சினால் மதிக்க மாட்டார்கள். அதட்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வெள்ளையர்களின் கூட்டங்களிலேயே எழுந்து நின்று, சொற்களை அளந்து, நம்மவர்களுக்காகப் பேசினார். ரொம்ப மென்மையாகப் பேசுகிறார் என்று அவரைக் குறை சொன்ன இந்தியர்களும் உண்டு. அது நியாயம்தானோ என்று எனக்கே சில சமயம் தோன்றும். ஆனாலும் அவர் முயற்சியால், அங்குள்ள இந்தியர்கள் தந்த பணத்தில், டர்பன் நகரில் இந்தியப் பிள்ளைகளுக்காக ஓர் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. 1929ல் திறக்கப்பட்ட அதற்கு 'சாஸ்திரி கல்லூரி' என்று பெயர்.

பின்னாளில், 1935 முதல் 1940 வரை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

இன்னொரு சுவையான செய்தி. காந்தியடிகள் தம் வரலாற்றைக் குஜராத்தியில் எழுதினார். மகாதேவ தேசாய் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மறுபதிப்பு வந்தபோது, ஆங்கிலப் புலமை மிக்க நண்பர் ஒருவர் மொழிநடையைத் திருத்திக் கொடுத்தார் என்று முன்னுரையில் எழுதினார் தேசாய். தம் பெயரை வெளியிடவே கூடாது என்பது அந்த நண்பரின் நிபந்தனையாம்! அந்த நண்பர் சாஸ்திரியார்தான் என்று பலரும் சொல்கிறார்கள்.

காந்தியடிகளுக்கும் அவருக்கும் அரசியலில் ஒத்துப்போகவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தை சாஸ்திரியார் ஏற்கவே இல்லை. ஆனால் நட்பு குறையவில்லை. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். சாஸ்திரியார் பத்தே நாள் மூத்தவர். காந்தியடிகள் அவரைத் தமையனாகவே மதித்தார். 1946 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோது, நோயுற்றிருந்த சாஸ்திரியாரை மருத்துவமனைக்கே சென்று பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 17ல் சாஸ்திரியார் காலமானார்.