எஸ். ஜி. கிட்டப்பா

செங்கோட்டை கங்காதரன் கிட்டப்பா (ஆகத்து 25, 1906 – திசம்பர் 2, 1933) தமிழ் நாடக நடிகரும் பாடகரும் ஆவார். அவரது குரல் இன்று இசைத்தட்டுகள் வழியாக மட்டுமே அறியப்படுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

கிட்டப்பா அன்றைய திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்த செங்கோட்டையில் பிறந்தார். இயற்பெயர் இராமகிருட்டிணன். சிறு வயதிலேயே மேடையேறிய இவர், கன்னையா நாடகக் கம்பெனியில் சேர்ந்து தசாவதாரம் முதலிய நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்றார். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், உச்ச சுருதியில் பாடும் ஆற்றலே இவரது தனிச்சிறப்பாகும். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். 1927 ஆம் ஆண்டு கே. பி. சுந்தராம்பாளை மணந்தார். இருவரும் இணைந்து நடித்த நாடகங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன.

இசைத்தட்டுகள்

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிவு செய்ய இயலும். மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடிய பாடல்களை இவர் அதற்கேற்பச் சுருக்கிப் பாடினார். தியாகராசரின் "எவரனி" கீர்த்தனையும், வள்ளி திருமணம் நாடகப் பாடலான "காயாத கானகத்தே"யும் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இவரது இசைத்தட்டுகளுள் புகழ்பெற்றவை.

மறைவும் தொகுப்புகளும்

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 இல் வெளிவந்தது. எனினும் கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடிக்காமலேயே தமது 27 ஆம் வயதில் காலமானார். இதனால் அவரது நடிப்புக்குக் காட்சிப் பதிவு ஏதுமில்லை. பழைய இசைத்தட்டுகளில் இருந்த பாடல்கள் பின்னாளில் ஒலிநாடாக்களாகவும் குறுந்தகடுகளாகவும் தொகுத்து வெளியிடப்பட்டன.