புடவை கட்டி விமானம் ஓட்டிய சரளா



போன மே லீவில் எங்க அக்கா தினமும் பஸ் பிடித்து குன்னூர் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாள். லோயர் பாஸ் பண்ணிவிட்டாள். இந்த லீவில் ஹையர் சேர வேண்டும் என்று ஆசை. வீட்டிலோ லோயர் போதும் என்கிறார்கள். டைப்ரைட்டிங்கில் மட்டும்தான் லோயர், ஹையர் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் விமானம் ஓட்டுவதிலும் அப்படித்தான் இருந்தது. லோயரை முடித்துவிட்டு ஹையருக்குப் புறப்பட்ட ஒரு பெண்மணியின் வரலாற்றைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். அவர் பெயர் சரளா துக்ரால்.

சரளா 1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி டெல்லியில் பிறந்தார். 16 வயதிலேயே அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த வயதில் கல்யாணம் ஆனால் படிப்பு போச்சு, கதை முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் சரளாவுக்கு அங்கேதான் கதை ஆரம்பித்தது. அவருடைய கணவர் பி.டி.சர்மா ஒரு விமானி. கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே விமானத்தில் தபால் கொண்டு போனவர். (இந்த இரண்டு ஊரும் இப்போது பாகிஸ்தானில் இருக்கின்றன. அப்போது எல்லாம் ஒரே இந்தியா.) அந்தக் குடும்பத்தில் மட்டும் 9 பேர் விமானிகளாம்!

கணவர் சரளாவையும் விமானம் ஓட்டச் சொன்னார். மாமனாருக்கு அதைவிட ஆர்வம் அதிகம். மருமகளை அவரே லாகூர் ஃப்ளையிங் க்ளப்பில் சேர்த்துவிட்டார்.

அங்கே இருந்தது ஜிப்ஸி மாத் என்ற சின்ன விமானம். ஒரே எஞ்சின், இரண்டே இரண்டு சீட். ஒன்றன் பின் ஒன்றாக உட்கார வேண்டும். மேலே கூரை கிடையாது. காற்று முகத்தில் அடிக்கும். சுமார் 8 மணி நேரம் பயிற்சி எடுத்ததும், சரளா தனியாகப் பறக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் முடிவு செய்துவிட்டார். 1936-ஆம் ஆண்டு, 21 வயதில், சரளா புடவை கட்டிக்கொண்டு தனியாக விமானத்தை எடுத்து, மேலே போய், பத்திரமாக இறக்கினார். அப்போது அவருக்கு 4 வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் விமானம் ஓட்டிய ஒரு சில பெண்களில் அவரும் ஒருவர்.

அதோடு விடவில்லை. மொத்தம் 1,000 மணி நேரம் பறந்தார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் ஓட்டினாலும் ஏறக்குறைய 3 வருஷம் ஆகும்.

அவர் வாங்கியது ஏ லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு நாம் பறக்கலாம். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு பயணிகளையோ தபாலையோ ஏற்றிப் போக முடியாது. அதற்கு பி லைசென்ஸ் வேண்டும். அதுதான் ஹையர். விமானம் ஓட்டுவதையே வேலையாகச் செய்ய அது இருந்தால்தான் முடியும்.

இந்த நேரத்தில்தான் பெரிய இடி விழுந்தது. 1939-இல் கணவர் சர்மா விமான விபத்தில் இறந்துவிட்டார். சரளாவுக்கு அப்போது 24 வயது.

விபத்து என்றால் என்னவென்று நம்ம மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது நாம் சின்னப் பிள்ளைகள். அன்றைக்கு ஒரே மூடுபனி. அப்புறம் ரொம்ப நாளைக்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே எங்க எஸ்டேட் லைனில் எல்லோரும் பயந்துபோய் வெளியே வந்து பார்ப்பார்கள். தூரத்தில் இருந்த நமக்கே அப்படி. சொந்தக் கணவரைப் பறிகொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனாலும் சரளா ஜோத்பூருக்குப் போனார். எதற்குத் தெரியுமா? பி லைசென்ஸ் பயிற்சிக்கு!

அங்கேயும் விதி விடவில்லை. அதே 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. பொதுமக்களுக்கு விமானப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சரளா பரீட்சையில் ஃபெயில் ஆகவில்லை. பரீட்சைக்குப் போகிற வழியே அடைபட்டுவிட்டது. 2020-லும் 2021-லும் கொரோனாவால் நம்ம பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கவில்லை. ஆனால் ஆல் பாஸ் கொடுத்தார்கள். சரளாவுக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. பி லைசென்ஸ் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அவர் லாகூருக்குத் திரும்பினார். மேயோ கலைப் பள்ளியில் சேர்ந்து ஓவியம் படித்து டிப்ளமோ வாங்கினார். 1947-இல் நாடு பிரிந்தபோது இரண்டு பெண் குழந்தைகளோடு டெல்லிக்கு வந்தார். 1948-இல் மறுமணம் செய்துகொண்டார். விதவைக்கு மறுமணம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். பிறகு புடவைகளுக்கு டிசைன் போட்டார். நகை டிசைன் செய்தார். படம் வரைந்தார். சொந்தத் தொழிலில் நன்றாக வாழ்ந்து, 2008-ஆம் ஆண்டு 93 வயதில் காலமானார். அப்போது நாம் யாருமே பிறக்கவில்லை.

சரளாவுக்கு அடைபட்ட வழி வேறொரு பெண்ணுக்குத் திறந்தது. 1947-இல் பிரேம் மாத்தூர் என்பவர் அந்த ஹையர் லைசென்ஸை வாங்கினார். பெண் என்பதால் பல கம்பெனிகள் வேலை தர மறுத்தன. கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது.

1936-இல் தனியாகப் பறந்ததற்காகத்தான் எல்லோரும் சரளாவைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஜோத்பூர் பயணம்தான். அது பலிக்கவில்லை. ஆனால் அவ்வளவு துக்கத்திலும், லோயர் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது. ஒரு மாமனார் தானாக முன்வந்து சேர்த்துவிட்டிருக்காவிட்டால் இந்த வரலாறே இல்லை.

இதை எழுதி முடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஹையருக்கு ஃபீஸ் எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டார்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி