நியோன் விளக்கைத் தந்தவர் கடலில் பணத்தைத் தொலைத்தது ஏன்?

இரவில் சிராங்கூன் ரோட்டில் நடக்கும்போது கடைப் பலகைகளில் மின்னும் வண்ண விளக்குகளைக் கவனிச்சிருக்கீங்களா? இப்போது பெரும்பாலும் எல்இடிதான். ஆனால் கடைப் பெயரை வண்ண ஒளியில் எழுதும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியவை நியோன் குழாய்கள்.

1910இல் பாரிஸ் கார் கண்காட்சியில் அவற்றை ஒளிரவைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் கிளோட். 1870இல் பிறந்தவர். காற்றைத் திரவமாக்கும் தொழிலில் செல்வம் சேர்த்தார். அந்தப் பணத்தைப் பின்னர் கடலில் கொட்டினார். எதற்கு? மின்சாரம் எடுக்கத்தான்!

கடலிலிருந்து எப்படி மின்சாரம்?

வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் சூடு. ஆழத்து நீர் குளிர்ச்சி. அழுத்தத்தை நன்றாகக் குறைத்தால் மேல்நீர் அந்தச் சூட்டிலேயே கொதிக்கும். அந்த நீராவி விசையாழியைச் சுழற்றும். ஆழத்து நீர் ஆவியை மீண்டும் நீராக்கும்.

1930இல் கியூபாவின் மட்டான்சாஸ் விரிகுடாவில் கிளோட் அதைச் செய்து காட்டினார். முதல் 2 குழாய்களும் கடலோடு போயின. மூன்றாவது நிலைத்தது. கிடைத்தது 22 கிலோவாட். ஆனால் நிலையத்தை இயக்கவே அதைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டது!

அடுத்து பிரேசில் கடலில் ஒரு கப்பலில் முயன்றார். அங்கும் குழாய் தோற்றது, திட்டத்தைக் கைவிட்டார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குத் துணைபோனதற்காக 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார். பிறகு விடுதலையாகி, 1960இல் காலமானார்.

இப்போது என்ன சிக்கல்?

* குழாய்: 2000களின் தொடக்கத்தில் தூத்துக்குடி அருகே இந்தியா 1 மெகாவாட் மிதக்கும் நிலையத்துக்கு முயன்றது. அங்கும் காலைவாரியது குளிர்நீர்க் குழாய்தான்.

* சுற்றுச்சூழல்: ஆழத்து நீரில் ஊட்டச்சத்து அதிகம். அதை மேலே விட்டால் பாசி பெருகலாம். சிறு உயிர்கள் குழாயில் சிக்கலாம்.

* சட்டம்: 1982இன் ஐநா கடல் சட்ட உடன்பாடு, 200 கடல் மைல் வரை எரிசக்தி எடுக்கும் உரிமையைக் கரையோர நாட்டுக்குத் தருகிறது. கடலைப் பாதுகாப்பது கடமை. முக்கியக் கப்பல் பாதைகளை மறிக்கக்கூடாது. அதை உருவாக்கிய மாநாட்டை நிறைவுக்குக் கொண்டுவந்த தலைவர் நம்ம சிங்கப்பூரின் டாமி கோ.

சிங்கப்பூருக்கு?

நம்மைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைந்தது. கிளோட்டின் முறை இங்கு எடுபடாது. செந்தோசாவில் நீரோட்ட விசையாழிகள் சோதிக்கப்பட்டன. உட்லண்ட்ஸ் கடலோரத்தில் 2021 முதல் மிதக்கும் சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன. கப்பல்களுக்கும் பவளப்பாறைகளுக்கும் நடுவே இன்னும் எவ்வளவு இடம் ஒதுக்கமுடியும் என்பதே இங்குள்ள கேள்வி.